பிரிட்டனில் போன் ஒப்பந்தமும் உங்கள் கடன் அறிக்கையும்: புதிதாக வந்தவர்களுக்கான வழிகாட்டி

பிரிட்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு சிம் வாங்கிவிடுகிறார்கள். சில மாதங்கள் கழித்து, வங்கிக் கணக்கும் சம்பளமும் ஒழுங்குக்கு வந்ததும், ‘கான்ட்ராக்ட்’ போன் எடுக்கலாமா என்ற எண்ணம் தலைதூக்குகிறது. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்து, கிரெடிட் கார்டும் வீட்டுக் கடனும் பதிவாகும் அதே ஏட்டில் உங்கள் பெயருக்கு ஒரு வரி தொடங்கிவிடுகிறது என்பதைக் கடையில் யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. இந்த நாட்டில் கடன் வரலாறே இல்லாத ஒருவருக்கு அந்த வரி பெரிய உதவியாகவும் அமையலாம். ஆறு ஆண்டுகள் விடாமல் தொடரும் தொல்லையாகவும் மாறலாம். தொல்லையாக மாறிய கணக்குகளைப் பார்த்தால், மாதாமாதம் பணம் கட்ட முடியாமல் திணறியவர்களைக் காட்டிலும், ஒப்பந்தத்தை எப்படி முடித்துக்கொள்வது என்று தெரியாமல் நடுவில் விட்டுவிட்டு நகர்ந்தவர்களே கண்ணில் படுகிறார்கள். ஆகவே இக்கட்டுரையில் ஒப்பந்தம் எடுப்பதற்குச் சமமாக, அதிலிருந்து வெளியேறுவதற்கும் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

பதிவை வைத்திருப்பவர்கள் யார்

பிரிட்டனில் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்று மூன்று பெரிய கடன் தகவல் முகமைகள் இருக்கின்றன. வங்கிகளும் கார்டு நிறுவனங்களும் தொலைபேசி நிறுவனங்களும் தங்கள் வாடிக்கையாளர்களின் கணக்கு நிலையை மாதந்தோறும் இவற்றுக்கு அனுப்புகின்றன. எல்லா நிறுவனங்களும் மூன்று முகமைகளுக்கும் அனுப்புவதில்லை. ஆகவே ஒரு முகமையின் அறிக்கையில் பளிச்சென்று தெரியும் போன் கணக்கு இன்னொன்றில் இல்லாமலே போகலாம். அதைக் கண்டு பதற வேண்டியதில்லை.

ஊரில் நல்ல சிபில் ஸ்கோர், அதாவது இந்தியாவில் தரப்படும் கடன் மதிப்பெண், வைத்திருந்தவர்கள் அது இங்கேயும் கைகொடுக்கும் என்று எதிர்பார்ப்பதுண்டு. சிபில் நிறுவனமே டிரான்ஸ்யூனியன் குழுமத்தைச் சேர்ந்ததுதான். ஆனாலும் இந்தியாவில் உள்ள பதிவு பிரிட்டன் பதிவோடு தானாக இணைவதில்லை. இலங்கையின் கடன் தகவல் பணியகமான கிரிப்பின் பதிவுக்கும் இதுவே பொருந்தும். இந்நாட்டில் நீங்கள் வெற்றுத்தாளோடுதான் தொடங்குகிறீர்கள்.

முதல் வேலையாக, எதற்கும் விண்ணப்பிக்கும் முன்பே மூன்று முகமைகளிலும் உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சட்டப்படியான அறிக்கை மூன்றிலும் இலவசம். ஒரு காலத்தில் அதற்கு 2 பவுண்டு கட்டணம் இருந்தது, 2018 மே மாதம் தகவல் பாதுகாப்புச் சட்டம் மாறியபோது அது போய்விட்டது. கைப்பேசிச் செயலி வழியாகப் பார்க்க விரும்பினால், கிளியர்ஸ்கோர் ஈக்விஃபாக்ஸின் தகவலையும், கிரெடிட் கர்மா டிரான்ஸ்யூனியனின் தகவலையும் இலவசமாகக் காட்டுகின்றன. இவற்றில் பெரிதாக மின்னும் எண்ணுக்கு அதிக மதிப்புக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு முகமைக்கும் ஒவ்வோர் அளவுகோல். மேலும் கடன் கொடுப்பவர்கள் அந்த எண்ணைப் பார்ப்பதில்லை, அடியில் உள்ள பதிவுகளை எடுத்துத் தங்கள் சொந்தக் கணக்கில் மதிப்பிடுகிறார்கள். நீங்களும் பார்க்க வேண்டியது அந்தப் பதிவுகளைத்தான்.

எந்த இணைப்பு பதிவாகும், எது ஆகாது

முன்கூட்டியே பணம் போட்டுப் பேசும் ‘பே அஸ் யூ கோ’ சிம்முக்குக் கடன் சோதனை கிடையாது. அது அறிக்கையில் இடம்பெறுவதும் இல்லை. நம்மவர்கள் வந்து இறங்கியதும் கையில் எடுக்கும் லைக்கா, லெபாரா டாப்-அப் சிம்கள் இந்த வகை. இரண்டும் ஈழத் தமிழர்கள் தொடங்கிய நிறுவனங்கள் என்பது நமக்குப் பெருமைதான். ஆனால் பத்தாண்டு காலம் தவறாமல் டாப்-அப் செய்தாலும் அதனால் உங்கள் கடன் வரலாறு ஓர் அங்குலமும் வளராது. கிஃப்காஃப், ஸ்மார்ட்டி, வோக்ஸி போன்றவற்றின் ஒரு மாத சிம் திட்டங்களும் முன்பணம் கட்டுபவை என்பதால் கடன் சோதனை இல்லாமலே கிடைக்கின்றன.

கைப்பேசி இல்லாமல் இணைப்பை மட்டும் தரும் ‘சிம் ஒன்லி’ மாத ஒப்பந்தம் அடுத்த வகை. ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ கையெழுத்திடும் இத்தகைய ஒப்பந்தத்துக்குப் பொதுவாகக் கடன் சோதனை நடக்கும். கணக்கும் அறிக்கையில் ஏறும். மாதம் சில பவுண்டுதான் கட்டணம் என்றாலும், தவறாமல் கட்டியதற்கான சான்று மாதந்தோறும் சேர்ந்துகொண்டே போகும். இந்நாட்டில் முதல் கடன் பதிவைத் தொடங்க இதைவிட மலிவான வழி அதிகம் இல்லை என்பது என் கருத்து.

கைப்பேசியும் சேர்ந்து வரும் ஒப்பந்தத்தில்தான் சற்று நிதானம் வேண்டும். முன்பு கைப்பேசியின் விலையும் பேச்சுக் கட்டணமும் ஒரே தொகையாக வந்தன. 2013-இல் ஓ2 நிறுவனம் இவ்விரண்டையும் பிரித்தது. பிறகு வேறு பல நிறுவனங்களும் அவ்வழியே வந்தன. இப்போது நீங்கள் ஒரே மேசையில், ஒரே நேரத்தில், இரண்டு ஒப்பந்தங்களில் கையெழுத்திடக்கூடும். ஒன்று இணைப்புக்கான சேவை ஒப்பந்தம். மற்றது கைப்பேசியின் விலைக்கான கடன்; 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்துக்கு உட்பட்ட முறையான கடன். அறிக்கையிலும் இவை இரண்டு தனி வரிகளாகவே வரும். 720 பவுண்டு கைப்பேசியை வட்டியில்லாமல் 36 மாதத் தவணையில் எடுத்தால், மாதம் 20 பவுண்டு தவணையோடு 720 பவுண்டு கடன் என்று ஒரு வரி தொடங்கும். ஓராண்டு கழித்து மிச்சம் 480 என்று காட்டும். நீங்கள் அதற்குள் வேறு கடன் கேட்டுப் போனால், இந்த 20 பவுண்டும் உங்கள் மாதக் கடமைகளில் ஒன்றாக எண்ணப்படும். வந்த புதிதில், விசா முடிய ஓராண்டே இருக்கும் நிலையில், 36 மாதக் கடனில் கையெழுத்திடுவது புத்திசாலித்தனமாக எனக்குத் தோன்றவில்லை. கைப்பேசியைப் பழையதாகவோ ரொக்கத்துக்கோ வாங்கிக்கொண்டு, 12 மாத சிம் ஒப்பந்தம் ஒன்றை மட்டும் உங்கள் பெயரில் எடுங்கள்.

விண்ணப்பிக்கும் முன்: பெயர், முகவரி, வாக்காளர் பதிவு

தமிழ்ப் பெயர்கள் இந்த ஏடுகளில் படும் பாடு தனிக் கதை. முகமையின் கணினி பெயர், பிறந்த தேதி, முகவரி ஆகிய மூன்றையும் பொருத்திப் பார்த்துத்தான் எந்தக் கணக்கு எவருடையது என்று முடிவு செய்கிறது. நமக்கோ குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தந்தையின் பெயர் சில இடங்களில் முன்னால் இனிஷியலாகவும், சில இடங்களில் பின்னால் முழுப் பெயராகவும் நிற்கிறது. கடவுச்சீட்டில் முருகேசன் செந்தில்குமார், வங்கியில் செந்தில்குமார் முருகேசன், போன் கடையில் எம். செந்தில் குமார் என்று மூன்று விதமாக இருந்தால், ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று மெல்லிய கோப்புகள் உருவாகவும், ஒன்றில் உள்ள நற்பதிவு மற்றொன்றுக்குப் பயன்படாமல் போகவும் வாய்ப்புண்டு. எந்த வரிசையில், எந்த எழுத்துக்கூட்டலில் வங்கிக் கணக்கைத் திறந்தீர்களோ அதையே எங்கும் பின்பற்றுங்கள். கடவுச்சீட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால், வங்கி அதை எப்படிப் பதிந்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதே வடிவத்தைப் போன் நிறுவனத்திலும் கொடுங்கள்.

முகவரியிலும் இதே கவனம் வேண்டும். பிரித்து வாடகைக்கு விடப்பட்ட வீடுகளில் ‘ஃபிளாட் 2, 14’ என்றும் ‘14பி’ என்றும் ஒரே அறை இரு விதமாக எழுதப்படுகிறது. அஞ்சல் துறையின் முகவரித் தேடலில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுவது நல்லது. இன்னொரு வீண் பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம்: உங்களுக்கு முன் அதே வீட்டில் குடியிருந்தவர் கடனைக் கட்டாமல் ஓடியிருந்தாலும் அது உங்களைத் தொடாது. பதிவு ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை.

அடுத்தது பலரும் அறியாதது. பிரிட்டனில் தங்குவதற்கான அனுமதியோடு வாழும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் இங்கே வாக்காளராகப் பதிவு செய்யலாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நான்குமே காமன்வெல்த் நாடுகள். ஆகவே மாணவர் விசாவில் வந்த மதுரைக்காரருக்கும், வேலை விசாவில் வந்த யாழ்ப்பாணத்தவருக்கும் இந்த உரிமை உண்டு. அரசின் இணையதளத்தில் சில நிமிடங்களில் பதிவு செய்துவிடலாம், கட்டணம் இல்லை, தேசியக் காப்புறுதி எண் கேட்பார்கள், அது இல்லாதவர்கள் வேறு ஆவணங்கள் காட்டலாம். கடன் தகவல் முகமைகள் உங்கள் முகவரியை உறுதி செய்ய முதலில் நாடுவது இந்த வாக்காளர் பட்டியலைத்தான். பொதுவில் விற்கப்படும் திறந்த பட்டியலில் என் பெயர் வேண்டாம் என்று விலக்கிக்கொண்டாலும் இந்தப் பயனுக்குக் குறையில்லை. முகமைகள் பார்ப்பது முழுப் பட்டியலை. வாக்களிக்கும் தகுதி இல்லாத நாட்டவர், முகவரிச் சான்றுகளை முகமைகளுக்கு அனுப்பி, தமக்கு வாக்குரிமை இல்லை என்பதை 200 சொற்களுக்கு மிகாத விளக்கக் குறிப்பாகக் கோப்பில் சேர்க்கச் சொல்லலாம்.

விண்ணப்பிக்கும்போது

பெரும்பாலான நிறுவனங்கள் கடந்த மூன்றாண்டு முகவரிகளைக் கேட்கும். இங்கே ஆறு மாதமே இருந்திருந்தால் அதை அப்படியே எழுதி, அதற்கு முன் இருந்த ஊர் முகவரியையும் கொடுங்கள். விண்ணப்பம் எளிதில் ஏற்கப்படும் என்று எண்ணி நண்பரின் பழைய முகவரியை உங்களுடையதாகக் காட்டுவது பொய்த் தகவல் கொடுத்த குற்றமாகும். அதன் விளைவு போன் கிடைக்காமல் போவதோடு முடியாது.

விண்ணப்பித்ததும் நிறுவனம் உங்கள் கோப்பைத் திறந்து பார்க்கும். தகுதி உண்டா என்று முன்னோட்டமாகப் பார்க்கும் மென்சோதனை உங்கள் கண்ணுக்கு மட்டுமே தெரியும். முறையான விண்ணப்பத்தின் பேரில் நடக்கும் கடுஞ்சோதனையோ மற்ற நிறுவனங்களின் கண்ணிலும் படும். முகமையைப் பொறுத்து ஓராண்டு முதல் ஈராண்டு வரை கோப்பில் நிற்கும். ஒரு கடையில் மறுத்தார்கள் என்று அதே வாரம் நான்கு கடை ஏறி இறங்குவது, பணமுடையில் தவிக்கும் ஆள் என்ற தோற்றத்தைத் தரும். மறுக்கப்பட்டால் அங்கேயே நின்று, எந்த முகமையின் தகவலைப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பிறகு அந்த முகமையின் அறிக்கையை எடுத்து, பெயரிலோ முகவரியிலோ பிழை இருக்கிறதா என்று பாருங்கள். பதிவே இல்லாததுதான் காரணம் என்றால் சில மாதம் பொறுத்து, வாக்காளர் பதிவை முடித்துவிட்டு மீண்டும் முயலலாம். சில நிறுவனங்கள் முன்வைப்புத் தொகை வாங்கிக்கொண்டு இணைப்புத் தருவதும் உண்டு.

உறவினர் பெயரில் எடுக்கும் போன்

புதிதாக வந்த தம்பிக்காக, இங்கே பல்லாண்டாக இருக்கும் சித்தப்பா தன் பெயரிலேயே இன்னோர் இணைப்பை எடுத்துக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். பாசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கணக்கு முழுக்க முழுக்கச் சித்தப்பாவின் கோப்பில்தான் இருக்கும். தம்பி மாதாமாதம் அவர் கையில் பணம் கொடுத்தாலும் தம்பிக்கு ஒரு வரலாறும் சேராது. தம்பி ஊருக்குப் போய்க் கொடுக்க மறந்தால் அடி விழுவது சித்தப்பாவின் கோப்பில். அவர் வீட்டுக் கடன் புதுப்பிக்கப் போகும் ஆண்டாக அது இருந்துவிட்டால், தொலைபேசிக் கணக்கால் உறவே கசந்துபோகும். தொடக்கத்தில் டாப்-அப் சிம் வாங்கிக் கொடுத்துவிட்டு, தம்பி தன் பெயரில் எடுக்கத் தகுதி பெறும்வரை காத்திருப்பது இருவருக்கும் நல்லது.

இதன் தலைகீழ் வடிவம் ஒன்று மாணவர்களைச் சுற்றி வருகிறது. ‘உன் பெயரில் இரண்டு கான்ட்ராக்ட் எடுத்துப் போனை என்னிடம் கொடு, கையில் நூறு இருநூறு தருகிறேன், ஒரு மாதத்தில் நானே ரத்து செய்துவிடுவேன்’ என்று அணுகுவார்கள். ரத்து செய்ய மாட்டார்கள். போன் போய்விடும், முழுக் கடனும் உங்கள் பெயரில் நிற்கும், மோசடிக்குத் துணைபோனவர் என்ற சந்தேகமும் உங்கள் மேல்தான் விழும்.

அறிக்கையில் அந்த வரியைப் படிப்பது

ஒப்பந்தம் தொடங்கி ஒன்றிரண்டு மாதங்களில் அறிக்கையைத் திறந்து பாருங்கள். இணைப்புக் கணக்கு ‘கம்யூனிகேஷன்ஸ்’ அல்லது ‘டெலிகாம்ஸ்’ என்ற தலைப்பிலும், கைப்பேசிக் கடன் மற்றத் தவணைக் கடன்களின் வரிசையிலும் இருக்கும். நிறுவனத்தின் பெயர், தொடங்கிய தேதி, பாதி மறைத்த கணக்கு எண், நிலுவைத் தொகை ஆகியவற்றின் கீழே மாதங்களுக்கான கட்டங்கள் வரிசையாக இருக்கும். பணம் சரியாகக் கட்டிய மாதத்தில் பச்சைக் குறியோ 0 என்ற எண்ணோ நிற்கும். ஒரு மாதப் பாக்கி என்றால் 1, இரண்டு மாதம் என்றால் 2, இப்படியே ஏறும். தவணையைக் குறைத்துக் கட்டுவதாக நிறுவனத்தோடு உடன்பாடு செய்திருந்தால் அதற்கென ஒரு குறி விழும். எல்லாவற்றுக்கும் மேலாக ‘டிஃபால்ட்’, அதாவது பாக்கியைக் கட்டத் தவறிவிட்டார் என்ற பதிவு. எக்ஸ்பீரியன் அறிக்கைகளில் 8 என்ற எண்ணாக வருவது இதுதான். நீங்கள் யாரை அழைத்தீர்கள், எவ்வளவு டேட்டா பயன்படுத்தினீர்கள் என்பவை எதுவும் அறிக்கையில் வராது.

ஓரிரு நாள் தாமதம் பொதுவாகப் பதிவில் ஏறுவதில்லை. பில் அடுத்த மாதம்வரை நின்றுவிட்டால்தான் 1 விழுகிறது. குறைந்தது மூன்று மாதப் பாக்கி சேர்ந்த பிறகே டிஃபால்ட் பதிய வேண்டும், பொதுவாக ஆறு மாதத்துக்குள் பதிந்துவிட வேண்டும், அதற்குக் குறைந்தது 28 நாள் முன்பாக உங்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது கடன் துறையினர் பின்பற்றும் பொது விதி. பதிந்த டிஃபால்ட், பதிந்த தேதியிலிருந்து ஆறு ஆண்டுகள் கோப்பில் இருக்கும். ஒழுங்காகக் கட்டி முடித்த கணக்கும் முடிந்த தேதியிலிருந்து ஆறு ஆண்டுகள் கோப்பில் இருக்கும்; அது உங்களுக்குச் சாதகமான சாட்சி.

மாதாமாதம் செய்ய வேண்டியது

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பில் தொகையை நிறுவனமே உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் டைரக்ட் டெபிட் போடுங்கள்; அதன் தேதி சம்பளம் வந்த இரண்டு மூன்று நாளுக்குப் பின் அமையுமாறு நிறுவனத்திடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். நீங்களே ஒரு தொகையை மாதந்தோறும் அனுப்பும் ஏற்பாடு போன் கணக்குக்கு ஒத்துவராது; ஆண்டுக்கொரு முறை கட்டணம் ஏறும்போது சில பென்ஸ் குறைந்து, அது பாக்கியாக நின்றுவிடும். 2025 ஜனவரி 17 முதல் எழுதப்படும் ஒப்பந்தங்களில் இந்த ஏற்றம் எத்தனை பவுண்டு, எத்தனை பென்ஸ் என்று முன்பே சொல்லியாக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் விதித்திருக்கிறது. கையெழுத்திடும் முன் அந்த வரியைப் படியுங்கள்.

செலவு வரம்பையும் முதல் நாளே வைத்துவிடுங்கள். 2018 அக்டோபர் முதல், பில் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று வாடிக்கையாளர் வரம்பு வைக்கும் வசதியை நிறுவனங்கள் தந்தாக வேண்டும். டாப்-அப் சிம்மில் ஊருக்குப் பேசிப் பழகியவர்கள், ஒப்பந்த சிம்மிலிருந்து அதே பழக்கத்தில் கொழும்புக்கோ கோவைக்கோ நேராக அழைத்துவிட்டு, திட்டத்துக்கு வெளியே ஏறிய கட்டணத்தைக் கண்டு திகைப்பதும், பில் தவறு என்று கோபித்துக் கட்டாமல் விடுவதும் நடக்கிறது. கோபம் நியாயமாகவே இருந்தாலும், புகார் தீரும்வரை தகராறு இல்லாத பகுதியையாவது கட்டிவிடுங்கள்.

வெளியேறும்போது

இங்கேதான் பெரும்பாலான கோப்புகள் கெடுகின்றன. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாணவி ஒருவருக்கு மாதம் 12 பவுண்டு சிம் ஒப்பந்தம். குறைந்தபட்சக் காலம் முடிந்துவிட்டது. பில் ஒவ்வொரு மாதமும் 3-ஆம் தேதி உருவாகிறது, 10-ஆம் தேதி டைரக்ட் டெபிட் போகிறது. அவர் 12-ஆம் தேதி எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டு, மறுநாள் வங்கிச் செயலியில் பழைய டைரக்ட் டெபிட்டை ரத்து செய்கிறார். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார். ஆனால் 3-ஆம் தேதி முதல் பத்து நாளுக்கான 4 பவுண்டும், திட்டத்துக்கு வெளியே அம்மாவுக்குப் பேசிய இரண்டு அழைப்புகளுக்கான 2 பவுண்டு 60 பென்ஸும் இன்னும் வசூலாகவில்லை. அந்த 6 பவுண்டு 60 பென்ஸுக்கான கடைசி பில், படிப்பு முடிந்ததும் மூடப்பட்ட பல்கலைக்கழக மின்னஞ்சலுக்குப் போகிறது. நினைவூட்டல் கடிதங்கள் காலி செய்த விடுதி அறைக்குப் போகின்றன. கோப்பில் 1, 2, 3 என்று ஏறுகிறது. பிறகு டிஃபால்ட். மூன்றாண்டு கழித்து வேலை, சேமிப்பு எல்லாவற்றோடும் வீட்டுக் கடனுக்குப் போகும்போதுதான் அவருக்கு விஷயம் தெரிகிறது. சிறிய தொகை என்பதால் டிஃபால்ட் சிறியதாகிவிடுவதில்லை. தொலைபேசிக் கணக்கில் விழுந்த அற்பத் தொகையைக் கண்டுகொள்ளாத சில கடன் நிறுவனங்கள் உண்டு. கண்டாலே கோப்பை மூடிவிடுகிறவர்களும் உண்டு.

ஆகவே வெளியேறுவதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில், 85075 என்ற எண்ணுக்கு ‘இன்ஃபோ’ என்ற ஆங்கிலச் சொல்லைக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், ஒப்பந்தத்தை இப்போது முடித்தால் ஏதாவது கட்டணம் உண்டா என்று பதில் வரும். எண்ணை வைத்துக்கொண்டு நிறுவனம் மாற விரும்பினால் 65075-க்குப் பி-ஏ-சி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அனுப்புங்கள். எண்ணே வேண்டாம் என்றால் 75075-க்கு எஸ்-டி-ஏ-சி என்ற நான்கு எழுத்துகளை அனுப்புங்கள். வரும் குறியீடு 30 நாள் செல்லும். அதைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்ததும் பழைய இணைப்பு தானாக முடிந்துவிடும். 2019 ஜூலையில் வந்த இந்த முறையால், மாறிய தேதிக்குப் பிறகான நாள்களுக்கு முன்னறிவிப்புக் காலம் என்ற பெயரில் கட்டணம் வாங்க முடியாது. எந்த நிறுவனத்துக்கும் மாறாமல் இணைப்பை அடியோடு விடுகிறீர்கள் என்றால், நிறுவனத்திடம் முறைப்படி அறிவித்து, முன்னறிவிப்புக் காலம் எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சிம்மைக் கழற்றி எறிவதாலோ பயன்படுத்தாமல் வைப்பதாலோ ஒப்பந்தம் முடிவதில்லை.

கைப்பேசிக் கடன் தனியாக இருந்தால் அதை மறக்காதீர்கள். இணைப்பை விட்டதும் மிச்சக் கடன் முழுவதையும் உடனே கேட்கும் நிறுவனங்கள் உண்டு. பழைய தவணையிலேயே தொடர விடுபவையும் உண்டு. எதுவானாலும் அதை எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

அடுத்து, டைரக்ட் டெபிட்டைத் தொடாதீர்கள். கடைசி பில் வந்து, பணம் போய், நிலுவை சுழியம் என்று காட்டும்வரை அது அப்படியே இருக்கட்டும். வங்கிக் கணக்கில் ஒரு மாதக் கட்டணத்துக்குப் போதிய பணம் இருக்கட்டும். தவறாக எடுத்துவிட்டால் டைரக்ட் டெபிட் உத்தரவாதத்தின் கீழ் வங்கியிடமிருந்து திரும்பப் பெறலாம். ஆனால் அப்படித் திரும்பப் பெறுவது பணத்தைக் கொண்டுவருமே தவிர, பில்லை ரத்து செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஊருக்கே திரும்புகிறவர்கள் விமானச்சீட்டு எடுக்கும் வாரத்திலேயே இந்த வேலையைத் தொடங்க வேண்டும். நிறுவனத்திடம் உங்கள் சொந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து, பில்கள் அதற்கு வருமாறு மாற்றுங்கள். இங்குள்ள வங்கிக் கணக்கைப் புறப்படும் நாளில் மூடாமல், கடைசி பில் கழியும்வரை திறந்து வையுங்கள். கணக்கு முடிந்தது, பாக்கி இல்லை என்று நிறுவனம் அனுப்பும் செய்தியைப் படமெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். இனி இந்தப் பக்கமே வரப்போவதில்லை என்று இன்று நினைக்கிறவர் நான்காண்டு கழித்து வேலை விசாவில் திரும்பி வருவது நாம் அடிக்கடி பார்ப்பதுதான். அந்த ஆறாண்டுக் கெடு அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

பதிவு கெட்டுவிட்டால்

பாக்கி உண்மை, மறந்தது நீங்கள்தான் என்றால், முதலில் கட்டிவிடுங்கள். டிஃபால்ட்டுக்கு முந்தைய நிலையில் இருந்தால் அத்தோடு நின்றுவிடும். டிஃபால்ட் விழுந்த பிறகு கட்டினால் அந்த வரி போகாது. ‘தீர்க்கப்பட்டது’ என்ற குறிப்புச் சேரும், அது கட்டாமல் நிற்பதைவிட எவ்வளவோ மேல். பேரம் பேசிக் குறைத்துக் கட்டினால் ‘ஒரு பகுதி தீர்க்கப்பட்டது’ என்றே எழுதுவார்கள். கடனை வாங்கி வசூலிக்கும் நிறுவனம் ஒன்றுக்குப் போன் நிறுவனம் இதை விற்றிருந்தால், கோப்பில் புதிய பெயர் தெரியும். ஆனால் டிஃபால்ட் தேதி பழையதாகவே இருக்க வேண்டும். விற்ற தேதியிலிருந்து புதிதாக ஆறாண்டு எண்ணப்பட்டிருந்தால் அது பிழை, திருத்தக் கேளுங்கள். நீதிமன்றக் கடிதம் வந்தால் எக்காரணத்தாலும் ஒதுக்கி வைக்காதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தீர்ப்பான தொகையை ஒரு மாதத்துக்குள் முழுமையாகக் கட்டினால் அந்தத் தீர்ப்பின் பதிவை நீக்கிவிடலாம், தவறினால் அதுவும் ஆறாண்டு நிற்கும். கட்ட வழியில்லாத நிலை என்றால் ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஆகியவை இலவசமாக ஆலோசனை தருகின்றன. கட்டணம் கேட்கும் ‘கிரெடிட் ரிப்பேர்’ ஆட்கள் செய்வதாகச் சொல்லும் எதையும் நீங்களே இலவசமாகச் செய்துகொள்ளலாம்.

பதிவே தவறு என்றால் வழி வேறு. போன் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்: கணக்கு எண், ரத்து செய்த தேதி, மாற்றுக் குறியீடு வந்த குறுஞ்செய்தியின் படம், வங்கிக் கணக்கு அறிக்கையில் கடைசித் தொகை கழிந்த வரி ஆகியவற்றை இணையுங்கள். கூடவே முகமையிடமும் அதன் இணையதளம் வழியாக ஆட்சேபம் பதியுங்கள். அவர்கள் நிறுவனத்திடம் விசாரித்து 28 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். நிறுவனம் தன் நிலையிலிருந்து இறங்காமல், இனிப் பேச ஒன்றுமில்லை என்னும் ‘டெட்லாக்’ கடிதம் கொடுத்தாலோ, குறித்த காலத்துக்குள் முடிவு சொல்லாவிட்டாலோ, இணைப்புக் கணக்கைப் பொறுத்தவரை கம்யூனிகேஷன்ஸ் ஆம்புட்ஸ்மன் அல்லது சிசாஸ் என்ற தீர்வு அமைப்புக்குப் போகலாம். இரண்டில் எது என்பது நிறுவனத்தைப் பொறுத்தது. கைப்பேசிக் கடனைப் பற்றிய புகார் எட்டு வாரத்தில் தீராவிட்டால் நிதித் துறைப் புகார்களுக்கான தீர்வு அமைப்பான ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மனிடம் போகும். ஒரே கைப்பேசியின் இரண்டு ஒப்பந்தங்களுக்கு இரண்டு வாசல்கள் என்பதை அறியாமல் தவறான வாசலில் மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு.

திருத்தம் ஒரு முகமையில் நடந்ததும் வேலை முடிந்ததாக எண்ணாமல், மற்ற இரண்டு முகமைகளின் அறிக்கைகளையும் அடுத்த மாதம் எடுத்து, அங்கேயும் அந்த வரி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறாமல் இருந்தால், முதல் முகமையின் திருத்தக் கடிதத்தை இணைத்து அவற்றிலும் ஆட்சேபம் பதியுங்கள்.